கோடியில் தொடங்கி உள்வாயில் முடியுங்கள்: புயல் மழை கொண்டுவந்த மண்ணை அள்ளும் வழிகாட்டி

ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து உள்மாவட்டங்களுக்குள் வந்தபோது, 2024 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 செ.மீ., தர்மபுரி மாவட்டம் அரூரில் 33 செ.மீ. மழை கொட்டியது. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வெளியேறிய வெள்ளம் பேருந்து நிலையத்துக்கு அருகே நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் உருட்டிக்கொண்டு போனது. இப்படி ஒரு வெள்ளம் வந்து போனதும் எல்லா ஊரிலும் ஒரே பேச்சுதான்: "ஏரியை ஆழப்படுத்தியிருந்தால் ஊர் தப்பியிருக்கும்."

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்பில் 50 செ.மீ. மழை பெய்து, அதில் 60 சதவீதம் ஓடி வந்தால் 15 லட்சம் கன மீட்டர் தண்ணீர். 10 ஹெக்டேர் ஏரியை முழுதும் ஒரு அடி (30 செ.மீ.) ஆழப்படுத்தினால் கூடுதலாகக் கிடைக்கும் இடம் 30,000 கன மீட்டர். வந்த தண்ணீரில் அது இரண்டு சதவீதம். அந்த இடமும் ஐப்பசி மழையிலேயே நிரம்பிவிட்டிருக்கும், புயல் வரும் கார்த்திகையில் காலியாக இருக்காது. ஏரியை ஆழப்படுத்துவது பாசனத்துக்கும் கிணற்று ஊற்றுக்கும் நல்லது, மறுக்கவில்லை. ஆனால் வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பது தண்ணீர் தேங்கும் இடமல்ல, தண்ணீர் போகும் வழி. அதனால் இந்த வழிகாட்டியில் வேலை கோடியில் (ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து வெளியேறும் சுவர்) தொடங்கி ஏரி உள்வாயில் (கரைக்குள் தண்ணீர் தேங்கும் தரை) முடிகிறது. பெரும்பாலான இடங்களில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். உள்வாயில் பொக்லைன் இறங்க இடம் இருக்கிறது, அள்ளிய மண்ணைக் கேட்க ஆளும் இருக்கிறது. கோடிக் கால்வாயில் இரண்டும் கிடையாது.

வெள்ளம் வடிந்த முதல் வாரம்

மண்ணைத் தொடுவதற்கு முன் தடயங்களைப் பதிவு செய்யுங்கள். மரத்திலும் சுவரிலும் ஒட்டியிருக்கும் சருகுக் கோடுதான் வெள்ளம் ஏறிய உயரம். ஒரு நல்ல மழை வந்தால் அது கழுவப்பட்டுவிடும். கோடிச் சுவரின் பக்கக்கட்டில், மதகுத் தொட்டியில், ஒவ்வொரு சிறுபாலத்தின் மேல்புறத்திலும் கீழ்ப்புறத்திலும் அந்த உயரத்தை பெயின்ட் கோடாகப் போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரே பாலத்தின் இரு பக்கக் கோடுகளுக்கும் இடையே அரையடிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பாலம் தண்ணீரை மறித்திருக்கிறது என்று பொருள். எங்கே முதலில் அள்ள வேண்டும் என்பதை இந்தக் கோடுகளே சொல்லிவிடும்.

அதே நாளில் ஏரிக்கரையின் வெளிச்சரிவை அடிவாரம் முழுக்க நடந்து பாருங்கள். கசிவு தெளிந்த நீராக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக, மண்ணோடு வந்தால் கரைக்குள் துளை விழுகிறது. தூர்வாருவதை விட்டுவிட்டு உடனே பொறியாளரை அழைக்க வேண்டிய நிலை அது.

செய்யக்கூடாதவை இரண்டு. தண்ணீர் சீக்கிரம் வடியட்டும் என்று கரையை வெட்டாதீர்கள். அரை மீட்டர் வெட்டு சில மணி நேரத்தில் இருபது மீட்டர் உடைப்பாகிவிடும். அடைத்துக்கொண்ட தூம்புக்குள்ளோ (கரைக்கடியில் மதகு நீர் போகும் குழாய்) சிறுபாலக் குழாய்க்குள்ளோ ஆளை இறக்காதீர்கள். அழுகிய சருகும் சேறும் உள்ள மூடிய குழாயில் மூச்சுக்காற்று இருக்காது.

எவ்வளவு மண், எந்த மண்

இந்த இரு மாவட்டங்களிலும் புயல் கொண்டுவரும் மண் ஒரே மாதிரி இருப்பதில்லை. சித்தேரி, வத்தல்மலை, மேலகிரி அடிவாரக் கானாறுகளில் உருண்டைக் கல்லும் பருமணலும் மொரம்பும் (சரளை கலந்த கெட்டி மண்) இறங்கும். சமவெளிக் கால்வாய்களில் செம்மண் கலந்த மணல். ஏரிக்குள் கோடி, மதகுப் பக்கம் போகப்போகக் குழைவான வண்டல். கல்குவாரிகள் உள்ள ஓடைகளில் கிராவல் தூளும் சேர்ந்துகொள்ளும். அது இறுகினால் மண்வெட்டி இறங்காது. எந்த மண் எங்கே போகும் என்பது இந்த வகையைப் பொறுத்ததுதான். ஆகவே அளவெடுக்கும்போதே வகையையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அளவெடுக்கத் தேவையானவை: 12 மி.மீ. கம்பி 2 மீட்டர் நீளம் (அரையடிக்கு ஒரு பெயின்ட் குறி), 30 மீட்டர் டேப், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல், நோட்டு. டம்பி லெவலும் ஸ்டாஃபும் (சர்வேயர் மட்டம் பார்க்கும் கருவியும் அளவுகோலும்) கிடைத்தால் இன்னும் நல்லது. எல்லா உயரங்களுக்கும் ஆதாரம் கோடிச் சுவரின் உச்சிதான். அதைப் பூஜ்ஜியம் என்று வைத்து மதகு வாசல்படி, கால்வாய் அடிமட்டம், பாலங்களின் தளம் எல்லாவற்றையும் "கோடியிலிருந்து இத்தனை கீழே" என்று எழுதுங்கள்.

கால்வாயில் 20 மீட்டருக்கு ஒரு இடத்தில், குறுக்காக இடது, நடு, வலது என மூன்று புள்ளிகளில் கம்பியைக் குத்துங்கள். புதுப் படிவில் கை அழுத்தத்திலேயே இறங்கும். பழைய தரையில் "டக்" என்று நிற்கும். சந்தேகமான இடத்தில் மண்வெட்டியால் ஒரு குழி போட்டால் நிற வித்தியாசம் தெரியும். மூன்று ஆழங்களின் சராசரியை அகலத்தாலும் நீளத்தாலும் பெருக்கினால் கன அளவு கிடைக்கும்.

எடுத்துக்காட்டாக, 600 மீட்டர் கால்வாய், 4 மீட்டர் அகலம், சராசரி 45 செ.மீ. படிவு என்றால் 1,080 கன மீட்டர். வெட்டிய மண் உப்பும். 25 சதவீதம் கூட்டினால் 1,350. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆகவே 477 யூனிட், டிராக்டர் டிரெய்லரில் ஏறக்குறைய அத்தனை நடை. ஒப்பந்தத்தில் "மணிக்கு இவ்வளவு" என்று பேசுவதைவிட அளவெடுத்த கன மீட்டருக்குப் பேசுவது நல்லது. வேலைக்கு முன்னும் பின்னும் அதே இடங்களில் கம்பி குத்திப் பார்க்கலாம். நடைக் கணக்கை மட்டும் நம்பினால் அரை டிரெய்லரும் ஒரு நடையாகிவிடும்.

யாரிடம் கேட்க வேண்டும்

100 ஏக்கருக்கு (40 ஹெக்டேர்) மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையின் கையில். அதற்குக் கீழ் ஊராட்சி ஒன்றியம். பேரூராட்சி, நகராட்சி எல்லையில் உள்ளாட்சியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடை காப்புக்காட்டுக்குள் போனால் வனத்துறை அனுமதி இல்லாமல் இயந்திரம் நகரக்கூடாது. தர்மபுரி மாவட்டத்தில் பல ஏரிகளின் வரத்து தொடங்குவதே காப்புக்காட்டில்தான். இதை மறந்துவிட்டுப் போய் வண்டியைப் பறிகொடுப்பவர்கள் உண்டு.

வண்டலை நிலத்துக்கு எடுக்க, மாவட்ட அரசிதழில் அறிவித்த ஏரியாக இருக்க வேண்டும். 2024 முதல் வட்டாட்சியர் நிலையிலேயே அனுமதி கிடைக்கிறது. இ-சேவை வழியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது. அளவு நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90, மண்பாண்டம் செய்பவர்களுக்கு 60. இந்தச் சலுகை வண்டலுக்கும் களிமண்ணுக்கும்தான். கால்வாயில் கிடைக்கும் மணலை இதே சீட்டில் ஏற்றினால் அது மணல் கடத்தலாகத்தான் பார்க்கப்படும். மணல் படிவு பெரிதாக இருந்தால் முதலிலேயே கனிமவளத் துறைக்கு எழுதி, எங்கே குவிப்பது என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடம் வாங்கி, சர்வேயரை வைத்துக் கால்வாயின் எல்லைக் கல்லை நட்டுவிட வேண்டும். எல்லை தெரியாமல் இறங்கினால் ஆக்கிரமிப்பு மீதமிருக்கும் அகலத்துக்குள்ளேயே தூர்வாரி, ஆறு மீட்டர் கால்வாயை இரண்டரை மீட்டர் கால்வாயாக நாமே உறுதிப்படுத்திவிடுவோம்.

எப்போது

இங்கே வடகிழக்குப் பருவமழையை மட்டும் நினைத்துத் திட்டமிட்டால் தவறும். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் ஆவணி, புரட்டாசியிலும் நல்ல மழை உண்டு. கோடி, சிறுபாலம், மதகு மூன்றையும் வெள்ளம் வடிந்த சில வாரங்களிலேயே முடிக்க வேண்டும். ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய் மாசி, பங்குனியில். உள்வாய் ஏரி காய்ந்த பிறகு, சித்திரை, வைகாசியில். ஆடிப்பெருக்குக்குள் இயந்திரம் வெளியேறிவிட வேண்டும்.

கோடியும் கோடிக் கால்வாயும்

வேலையைக் கீழிருந்து மேலாகச் செய்யுங்கள். கோடியிலிருந்து வெளியேறும் கால்வாய் அடுத்த ஏரியையோ ஆற்றையோ தொடும் இடம்தான் முதல் வேலை. மேலே முதலில் திறந்துவிட்டால் அடைபட்ட கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் இன்னும் வேகமாக வந்து சேரும், வீடுகள் இருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். ஏரிகள் சங்கிலியாக இருந்தால் கடைசி ஏரியின் கோடியே முதல் வேலை.

கோடிச் சுவருக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? ஒரு மீட்டர் நீளச் சுவரின் மேல் 60 செ.மீ. உயரத்தில் தண்ணீர் வழிந்தால் நொடிக்கு ஏறக்குறைய 790 லிட்டர் போகும். 45 செ.மீ. என்றால் 510. 30 செ.மீ. என்றால் 280. உயரம் பாதியானால் போகும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று ஆகிவிடும். சுவர் மேல் ஒரு அடி மண்ணும் புதரும் படிந்துவிட்டால் அதே வெள்ளம் போக ஏரி மட்டம் இன்னும் ஒரு அடி ஏறியாக வேண்டும். அந்த ஒரு அடி கரையின் பாதுகாப்பு உயரத்திலிருந்து போகிறது.

சுவருக்கு முன்னால், ஏரிப் பக்கம், கோடியின் முழு நீளத்துக்கும் 10 முதல் 15 மீட்டர் வரை படிவை எடுங்கள். சுவர் உச்சியிலிருந்து அரை மீட்டர் கீழே போதும். அடித்தளத்தைத் தோண்டி வெளிப்படுத்திவிடக் கூடாது. சுவரை ஒட்டிய ஒரு மீட்டரைக் கையால்தான் வெட்ட வேண்டும். பொக்லைன் பற்கள் பழைய கருங்கல் கட்டில் ஒரு கல்லைத் தளர்த்தினால் போதும், அடுத்த வெள்ளத்தில் அங்கிருந்து பெயரத் தொடங்கும். கீழ்ப்பக்கம் கல் பதித்த தளம் அரித்திருக்கிறதா என்று மண்ணை எடுத்த பிறகுதான் தெரியும். அரிப்புக் குழி இருந்தால் அந்த மண்ணையே தள்ளி மூடாதீர்கள். 20 முதல் 30 கிலோ எடையுள்ள கருங்கல்லை அடுக்க வேண்டும்.

கோடியில் இரண்டு பழக்கங்கள் மண்ணைவிட மோசம். நீர் கொஞ்சம் கூடத் தேங்கட்டும் என்று சுவர் மேல் மணல் மூட்டை அடுக்குவது ஒன்று. மீன் போகாமலிருக்கக் குறுக்கே வலை கட்டுவது மற்றொன்று. வலையில் ஆகாயத்தாமரையும் சருகும் மாட்டி அரை மணி நேரத்தில் அது அணையாகிவிடும். மீன் குத்தகை எடுத்தவருடன் முன்கூட்டியே பேசி, புரட்டாசி பிறந்ததும் வலையைக் கழற்ற வேண்டும் என்பதைக் குத்தகைச் சீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சிறுபாலங்கள்

வட்டக் குழாயில் பாதி உயரம் மண் நின்றால் பாதித் தண்ணீர் போகும் என்றுதான் தோன்றும். உண்மையில் போவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். பரப்பு பாதியாவதோடு உரசலும் கூடுகிறது. குழாயைக் கீழ்ப்புறமிருந்து திறவுங்கள். முதலில் வெளிவாயில் கால்வாயை 10 மீட்டர் நீளத்துக்கு ஆழப்படுத்தி, சேறு வடிய இடம் விட்டு, பிறகு நீண்ட கம்பில் கட்டிய கொத்தால் மண்ணைத் தளர்த்திக் கயிற்று வாளியை இரு பக்கமிருந்தும் இழுக்கலாம். அழுத்த நீர் பீய்ச்சும் வண்டி கிடைத்தால் மணலுக்கு நன்றாக வேலை செய்யும். கிராவல் கலந்து இறுகிய மண்ணுக்கு அது உதவாது.

சுத்தம் செய்த அடுத்த மழையிலேயே மறுபடி அடைந்தால் குறை குழாயில் இல்லை. குழாய்த் தளம் கால்வாய் அடியைவிட உயரமாகப் பதிக்கப்பட்டிருக்கும், அல்லது கீழ்ப்புறம் சாய்வே இருக்காது. டியூப் லெவலில் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே திரும்பத் திரும்ப அள்ளுவது வீண்செலவு. குழாயை எடுத்துவிட்டுப் பெட்டிப் பாலம் போடச் சொல்லி எழுத வேண்டும்.

மதகு

திருகு மதகின் முன் உள்ள சேற்றைக் கையால் எடுத்து, கதவை முழுதும் ஏற்றி இறக்கிப் பார்த்து, திருகுக்கு கிரீஸ் தடவுங்கள். புயலுக்கு முன் ஏரி மட்டத்தைச் சற்று இறக்க உதவும் ஒரே வாசல் இதுதான். அதுவும் இரண்டு நாள் முன்னதாகத் திறந்தால்தான். புயலன்று திறப்பதால் வெள்ளத்துக்கு ஒன்றும் ஆகாது, வயல்தான் நாசமாகும்.

வரத்துக் கால்வாயும் மண்பொறியும்

சாய்வு சீராக இருக்க வேண்டும், ஆழம் அல்ல. 500 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் என்பது சமவெளிக் கால்வாய்க்கு ஓரளவு பாதுகாப்பானது. இயந்திர ஓட்டுநர் ஓரிடத்தில் கூடுதலாக ஒரு மீட்டர் தோண்டிவிட்டால் அந்தப் படிக்கட்டு ஒவ்வொரு மழையிலும் மேல்நோக்கி அரித்துக்கொண்டே போகும். நாம் அள்ளியதைவிட அதிக மண்ணை அது கீழே அனுப்பும். ஆகவே 20 மீட்டருக்கு ஒரு முளையடித்து, மட்டத்தைப் பெயின்டில் குறித்து, ஓட்டுநரிடம் முளையைக் காட்டிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். பக்கச் சரிவு மொரம்பில் ஒன்றுக்கு ஒன்று. மணற்பாங்கில் ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் சாய்வு. செங்குத்தாக வெட்டினால் முதல் மழையிலேயே சரிந்து உள்ளே விழும்.

சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்கலாம். ஆனால் கரையைப் பிடித்திருக்கும் வெட்டிவேர், நாணல், புங்க மரங்களை விட்டுவிடுங்கள். சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று இரு கரையையும் மொட்டையடிப்பது அடுத்த ஆண்டு வேலையை இரட்டிப்பாக்கும்.

கால்வாய் ஏரிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு மண்பொறி அமைத்தால் ஏரிக்குள் போகும் மணலில் பெரும்பங்கை அங்கேயே பிடிக்கலாம். கால் மி.மீட்டருக்குச் சற்றுக் குறைவான மணல் நின்ற நீரில் நொடிக்கு 2 செ.மீ. கீழே இறங்கும், ஒரு மீட்டர் ஆழம் இறங்க 50 நொடி. நீரோட்டத்தை நொடிக்கு 30 செ.மீ. அளவுக்குத் தணித்தால் அந்த 50 நொடியில் தண்ணீர் 15 மீட்டர் போகும். ஆக, பொறியின் நீளம் 15 மீட்டர். அகலம் கால்வாயைப் போல் இரண்டு முதல் மூன்று மடங்கு, ஆழம் ஒரு மீட்டர், கடைசியில் கருங்கல் வாசல்படி, ஒரு பக்கம் டிராக்டர் இறங்கச் சரிவு. பொறியின் அகலம் 4 மீட்டர் என்றால் 60 கன மீட்டர், ஏறக்குறைய 21 யூனிட் மண் நிற்கும். நடுவில் ஒரு கல் தூண் நட்டுப் பாதி உயரத்தில் சிவப்புக் கோடு போடுங்கள். மண் கோட்டைத் தொட்டதும் அள்ளிவிட வேண்டும். நிரம்பிய பொறி எதையும் பிடிக்காது. களிமண்ணையும் இது பிடிக்காது. பெருவெள்ளத்தின் உச்சத்தில் மணலும் தாண்டிப் போகும். சாதாரண மழைகளுக்கான ஏற்பாடு இது.

கடைசியாக உள்வாய்

கரையின் உட்புற அடியிலிருந்து கரை உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரம், எப்படியும் 10 மீட்டருக்குக் குறையாமல், தொடாமல் விடுங்கள். கரையோரம் வெட்டினால் கரை உள்நோக்கிச் சரியும். மதகு வாசல்படிக்குக் கீழே தோண்டினால் அந்தத் தண்ணீர் பாசனத்துக்கு வராது. அடியிலிருக்கும் களிப்படலத்தைக் கிழித்து மொரம்பு தெரியும்வரை போனால் ஏரி ஒழுகத் தொடங்கும். கடைசி ஒரு அடி வண்டலை விட்டுவிடுவது நல்லது. குழி குழியாகத் தோண்டாமல் மதகை நோக்கிச் சரிவாகச் சீவுங்கள். விளிம்பில் ஒரு மீட்டர் இறக்கத்துக்கு நான்கு மீட்டர் நீளச் சரிவு வேண்டும். மழைக்குப் பிறகு தண்ணீருக்கடியில் மறைந்திருக்கும் செங்குத்துக் குழிதான் குளிக்க இறங்கும் பிள்ளைகளையும் மாடுகளையும் விழுங்குகிறது.

அள்ளிய மண்

கால்வாய் விளிம்பிலேயே குவித்துவிட்டுப் போவது இங்கே மிகச் சாதாரணம், மிகப் பெரிய தவறும் அதுதான். எடுத்த மண் அடுத்த மழையில் திரும்பி உள்ளே வரும். அதோடு அந்தக் குவியல் வயல் நீர் கால்வாய்க்கு வருவதையும் மறிக்கும். வேறு வழியில்லை என்றால் விளிம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி, 30 மீட்டருக்கு ஒரு இடைவெளி விட்டுக் குவியுங்கள்.

உள்வாய் வண்டலைக் கரை உயர்த்தப் பயன்படுத்தாதீர்கள். கருங்களி காய்ந்தால் வெடிக்கும். மணல் வண்டல் கரையும். கரைக்குக் களி கலந்த மொரம்பு வேண்டும்; 20 செ.மீ. படலமாகப் பரப்பி, ஈரம் சேர்த்து, உருளையால் இறுக்க வேண்டும். டிப்பரில் கொட்டி வாளியால் தட்டியது கரை ஆகாது.

வயலுக்குப் போகும் வண்டலை முதலில் மண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம். கார அமில நிலை 8.5-க்கு மேலோ, உப்பின் அளவு கூடுதலாகவோ இருந்தால் வேண்டாம். சாக்கடை கலக்கும் நகர ஏரிகளின் வண்டலையும், கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரையோடு வரும் தென்பெண்ணை நீரின் படிவையும் கன உலோகப் பரிசோதனை இல்லாமல் காய்கறித் தோட்டத்தில் போடவே கூடாது. ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது நிலம் முழுக்கப் பரப்பினால் 2 செ.மீட்டருக்குச் சற்று மேல். ராகி, நிலக்கடலை போடும் இலகுவான செம்மண்ணுக்கு இது ஈரம் பிடிக்க உதவும். மாமரத்துக்குப் போடுவதானால் அடிமரத்தை ஒட்டிக் குவிக்காமல் கிளை நிழலின் விளிம்பில் பரப்புங்கள்.

அடுத்த மழை வரை

ஒரே நாளில் 5 செ.மீட்டருக்கு மேல் மழை பெய்தால் மறுநாள் காலை கோடி, சிறுபாலம், மண்பொறி மூன்றையும் நடந்து பார்த்து, கம்பி குத்திய ஆழத்தை நோட்டில் எழுதுங்கள். மூன்று ஆண்டுக் கணக்கு சேர்ந்தால் எந்த ஓடை அதிக மண் அனுப்புகிறது என்று தெரியும். கல்தடுப்பு போட வேண்டிய இடம் அந்த ஓடையின் மேல்பகுதி. மதகுத் திருகின் கைப்பிடி யார் வீட்டில் இருக்கிறது என்பதையும், அவர் ஊரில் இல்லாவிட்டால் மாற்றுக் கைப்பிடி எங்கே என்பதையும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.